26-ஆல் வகுத்த சம்பளம்

2023 ஜூலையில் எங்கள் அலுவலகத்துச் சம்பளக் கணக்கு என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சீன அக்கா. 20 வருடமாக அவர்தான். ஓய்வு பெறும் வாரத்தில் ஒரு நீலக் கோப்பு, ஓர் எக்ஸெல் தாள், கடவுச்சொற்கள் எழுதிய சின்னக் குறிப்பேடு மூன்றையும் என்னிடம் கொடுத்தார். "28-ஆம் தேதியே தொடங்கிவிடு, கடைசி நாள்வரை வைத்திருக்காதே" என்றார். பயிற்சி அதோடு முடிந்தது.

எங்களுடையது சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் இருக்கும் சின்ன நிறுவனம். கட்டடங்களுக்குப் பூச்சு வேலை, சாயம் அடிப்பது, நீர்க்கசிவை அடைப்பது. மொத்தம் 19 பேர். அலுவலகத்தில் நாங்கள் 4 பேர், லாரி ஓட்டுநர்கள் 2 பேர், மலேசியாவிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர், மீதி 12 பேர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வேலை அனுமதியில் வந்த தம்பிகள். நான் அதற்கு முன்னால் 9 வருடம் அங்கேயே கொள்முதலும் ரசீதுகளும் பார்த்தவள். எண்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் சிமெண்ட் மூட்டையின் விலை தப்பாகப் போனால் விற்றவரோடு பேசிச் சரிசெய்துகொள்ளலாம். ஒருவருடைய சம்பளம் தப்பாகப் போனால் அது அந்த மாதத்து வாடகை, அந்த மாதத்து ஊர்ப் பணம்.

முதல் சில மாதங்கள் நான் செய்தது தட்டச்சு வேலைதான். வேலை நேரத்தை ஒரு கட்டத்தில் அடித்தால் பக்கத்துக் கட்டத்தில் சம்பளம் வந்து நிற்கும். அது எப்படி வருகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் எங்கள் ஓட்டுநர் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், தன் சீட்டைக் கொண்டுவந்து, "இது என்னம்மா 7 வெள்ளி?" என்று கேட்டார். "அது வழக்கமாகப் பிடிப்பதுதான் அண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. அவருடைய 7 வெள்ளியைப் பற்றி அவருக்குப் பதில் சொல்ல முடியாத நான் எதற்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

திறன் பயிற்சிக்காக அரசு கொடுத்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி என் பெயரில் தொடாமல் கிடந்தது. 2024 ஜனவரியில் பாய லேபாரில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும், இரவு 7 மணியிலிருந்து 10 மணிவரை, 8 வாரம். வேலை முடிந்து பேருந்து பிடித்து, கீழே கோப்பிக் கடையில் ஒரு கோப்பியும் ரொட்டியும் முடித்துக்கொண்டு மேலே ஏறினால் சரியாக இருக்கும். ஆசிரியர் ஒரு மலாய்க்காரர், பல காலம் கணக்காளராக இருந்தவர். முதல் நாளே பலகையில் 3,000 வெள்ளி என்று எழுதி, இது ஒருவருடைய மாதச் சம்பளம், இதில் எது எது யாருடையது என்று கேட்டார். எனக்கு இன்றுவரை சம்பளக் கணக்கு என்றால் அந்தக் கேள்விதான்.

சரி, அந்த 3,000-ஐயே எடுத்துக்கொள்வோம். ஆள் சிங்கப்பூரர், வயது 55-க்குள். கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு, சுருக்கமாக மசேநிக்கு, அவர் பங்கு 20 விழுக்காடு, அதாவது 600 வெள்ளி. முதலாளி பங்கு 17 விழுக்காடு, 510 வெள்ளி. இந்தியர் என்றால் இந்தியச் சமூக அமைப்பான சிண்டாவுக்கு 7 வெள்ளி. கையில் போவது 2,393. முதலாளிக்கு ஆகும் செலவு 3,000-மும் 510-மும், திறன் மேம்பாட்டுத் தீர்வை 7 வெள்ளி 50 காசும் சேர்ந்து 3,517 வெள்ளி 50 காசு. கணக்கேட்டில் எழுதும்போது செலவுப் பக்கத்தில் இந்த முழுத் தொகையும் வரும். எதிர்ப்பக்கத்தில் ஊழியருக்குத் தரவேண்டிய 2,393 தனியாகவும், மசேநிக் கழகத்துக்குக் கட்டவேண்டிய 1,124 வெள்ளி 50 காசு தனியாகவும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் அதே 3,517.50.

அந்தக் 'கட்டவேண்டியது' என்ற வரியில்தான் ஆசிரியர் ஒரு மாலை முழுவதும் நின்றார். மாதக் கடைசியில் ஊழியரின் 600 வெள்ளி நிறுவனத்தின் வங்கிக் கணக்கில்தான் கிடக்கும். வங்கி அறிக்கையைப் பார்த்தால் நிறுவனத்தின் காசு மாதிரியே தெரியும். அதை எடுத்து ஒரு மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஊழியரிடமிருந்து பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது சிறைக்கே போகக்கூடிய குற்றம். மாதக் கடைசி நாளே கெடு, அடுத்த மாதம் 14-ஆம் தேதிவரை கால அவகாசம், அதற்குப் பிறகு மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. ஆனால் வட்டியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இங்கே பாதிப் பேருக்கு வீட்டுக் கடன் தவணையே மசேநி சாதாரணக் கணக்கிலிருந்துதான் போகிறது. நான் தாமதித்தால் யாரோ ஒருவர் வீட்டில் தவணைக்குக் காசு போதவில்லை என்று கடிதம் வரும்.

காசை முழு வெள்ளியாக்கும் முறையும் எனக்குப் பிடித்த பாடம். ஒருவருக்கு 2,333 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மொத்தப் பங்கு 37 விழுக்காடு: 863 வெள்ளி 21 காசு. அதை அருகிலுள்ள முழு வெள்ளிக்குக் கொண்டுவந்தால் 863. ஊழியர் பங்கு 466 வெள்ளி 60 காசு. இதில் காசை விட்டுவிட வேண்டும், ஆக 466. மீதி 397 முதலாளியுடையது. ஊழியருக்கு மட்டும் காசைக் கீழ்நோக்கி விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அந்த 60 காசு அவர் கையிலேயே இருக்கட்டும் என்று. 17 விழுக்காட்டைத் தனியாகப் பெருக்கிப் போடுகிறவர்களுக்குச் சில மாதம் ஒரு வெள்ளி இடித்துக்கொண்டே இருக்கும். நானும் இரண்டு மாதம் அந்த ஒரு வெள்ளியைத் தேடியிருக்கிறேன்.

ஓட்டுநர் அண்ணன் கேட்ட 7 வெள்ளி சிண்டாவுக்குப் போவது. சிண்டா 1991-இல் தொடங்கியது, இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்காக. சம்பளம் 2,500-க்கு மேல் 4,500 வரை இருந்தால் மாதம் 7 வெள்ளி, 1,000 வரை இருந்தால் 1 வெள்ளி, 15,000-த்தைத் தாண்டினால் 30 வெள்ளி. வேண்டாம் என்றால் படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். இதை அவரிடம் போய்ச் சொன்னபோது, "அட, என் மக படிச்ச டியூஷன் அதுலதான் ஓடிச்சு. பிடிச்சுக்கோம்மா" என்றார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதே அண்ணன் விஷயத்தில்தான் நான் ஒரு தவறும் செய்தேன். ஜனவரியில் அவருக்கு 55 வயது நிறைந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினோம், நானும் சாப்பிட்டேன். பிப்ரவரி மாதச் சம்பளத்தில் வழக்கம்போல 20 விழுக்காடு பிடித்தேன். வகுப்பில் ஆசிரியர், பிறந்தநாள் வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து விகிதம் மாறும் என்று சொன்னபோது எனக்கு அந்தக் கேக்தான் கண்ணில் வந்து நின்றது. 2024-இல் 55-க்கு மேல் 60 வரை ஊழியர் பங்கு 16, முதலாளி பங்கு 15. அவர் சம்பளம் 2,800. நான் பிடித்தது 560, பிடித்திருக்க வேண்டியது 448. அவருக்கு 112 வெள்ளி கையில் குறைந்திருந்தது. முதலாளியும் 420-க்குப் பதில் 476 கட்டியிருந்தார்.

மறுநாள் காலை அவர் லாரியை எடுப்பதற்கு முன்னாலேயே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சேமிப்புலதானம்மா கிடக்கு, எங்க போயிடப் போவுது" என்றார். ஆனால் அவர் மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள், அந்த மாதம் அவருக்குக் கையில் காசு வேண்டியிருந்தது எனக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்லி அன்றே 112 வெள்ளியை அவர் கணக்குக்கு அனுப்பினோம். கூடுதலாகக் கட்டியதைத் திருத்தச் சொல்லி மசேநிக் கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அன்று மாலை எல்லாருடைய பிறந்தநாளையும் எடுத்து, 55, 60, 65, 70 என்று எந்த வருடம் எந்த மாதம் யாருக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூத்தவர்களுக்கான விகிதத்தை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வருகிறது. 2025-இல் அவருக்கு 17-உம் 15.5-உம், 2026-இல் 18-உம் 16-உம். இது நல்லது என்றுதான் நினைக்கிறேன், வயதான பிறகுதான் சேமிப்பு அதிகம் தேவைப்படும். ஆனால் 2025 ஜனவரியில் அவர் கையில் 28 வெள்ளி குறையும். அதனால் டிசம்பரிலேயே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். மசேநி பிடிப்பதற்கான சம்பள உச்சவரம்பும் அப்படித்தான், 2023 செப்டம்பருக்கு முன் 6,000 வெள்ளி, பிறகு 6,300, 6,800, 7,400, 2026 ஜனவரியில் 8,000. எங்கள் நிறுவனத்தில் அது திட்ட மேலாளர் ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும். அவருக்கும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொன்னேன்.

இனி இந்தப் பதிவின் தலைப்புக்கு வருகிறேன்.

வகுப்பின் ஐந்தாவது வாரம் வேலைவாய்ப்புச் சட்டம். உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிவரை இருப்பவர்களுக்கும், மற்றவர்கள் 2,600 வரை இருந்தாலும், வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் உண்டு. மணிக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க, மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44-ஆல், அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். ஆசிரியர் பலகையில் எழுதினார், நானும் நோட்டில் எழுதினேன். எழுதும்போதே ஏதோ இடறியது. எங்கள் எக்ஸெல் தாளில் 2,288 என்ற எண்ணை நான் பார்த்ததே இல்லை.

பிடோக்கில் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலேயே மடிக்கணினியைத் திறந்தேன். பச்சைக் கட்டத்தைச் சொடுக்கினால் உள்ளே இருந்தது: மாதச் சம்பளம் வகுத்தல் 26 வகுத்தல் 8.

பார்க்க நியாயமாகத்தான் தெரியும். மாதம் 26 நாள் வேலை, நாளுக்கு 8 மணி நேரம். அந்தச் சீன அக்காவுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அவர் ஒரு காசு எடுக்கிற ஆள் கிடையாது. ஆனால் 26 பெருக்கல் 8 என்பது 208 மணி நேரம். வாரத்துக்கு 44 என்ற கணக்கில் ஒரு மாதத்துக்கு 190 மணி நேரமும் 40 நிமிடமும்தான் வரும். அதிக மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை குறைந்துபோகும். எங்கள் தம்பிகளில் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 900 வெள்ளி. சட்டப்படி மணிக்கு 4 வெள்ளி 72 காசு, ஓவர்டைமுக்கு 7 வெள்ளி 8 காசு. எங்கள் தாள் கொடுத்தது 6 வெள்ளி 49 காசு. அவர் அந்த மாதம் செய்த ஓவர்டைம் 60 மணி நேரம். 424 வெள்ளி 80 காசு வரவேண்டிய இடத்தில் 389 வெள்ளி 40 காசு போயிருந்தது.

35 வெள்ளி 40 காசு. ஊரில் அது 2,000 ரூபாய்க்கு மேல். வெயிலில் சாரத்தில் நின்று பூச்சு பூசினவரின் காசு. ஒரு மாதம் இப்படி. 12 பேர். எத்தனை வருடமாக?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதில் ஆறேழு மாதம் என் கையால் போனது.

இரண்டு நாள் எடுத்து, பழைய வருகைப் பதிவேடுகளை வைத்து 12 மாதத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டேன். 4,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். வார்த்தைகளை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. தாளை மேசையில் வைத்து, "நாம் குறைவாகக் கொடுத்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். மற்ற நிறுவனங்களும் 26-ஆல்தானே வகுக்கிறார்கள் என்றார். இருக்கலாம், ஆனால் மனிதவள அமைச்சின் வாய்பாடு இதுதான் என்று காட்டினேன். வேலையில் இருப்பவர் 12 மாதத்துக்குப் பின்னோக்கிச் சம்பளக் கோரிக்கை வைக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் கணக்கு சரியா? மறுபடி சரிபார்த்தாயா?" மூன்று முறை பார்த்தேன் என்றேன். ஏப்ரல் சம்பளத்தோடு போடு என்றார்.

அவரை நான் முன்பும் மதித்தேன். அன்றிலிருந்து அது வேறு மாதிரி மரியாதை.

ஏப்ரல் சீட்டில் நிலுவை என்று தனி வரி போட்டு, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பின்னால் ஒரு தாளையும் இணைத்தேன். 2016 ஏப்ரல் 1 முதல் எல்லா முதலாளிகளும் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், ஓவர்டைம் மணி நேரம், அதற்கான தொகை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆனால் வரி வரியாக இருந்தாலும் படிக்கிறவருக்குப் புரிந்தால்தான் பிரயோசனம். இரண்டு நாள் கழித்து, புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை ஓரத்தில் வந்து நின்றார். "அக்கா, கூட வந்திருக்கு. திரும்பக் கேப்பாங்களா?" என்றார். பணம் அவர் கணக்கில் அப்படியே கிடந்தது. தவறுதலாக வந்ததென்று நினைத்துத் தொடாமல் வைத்திருந்தார்.

அவரை உட்காரச் சொல்லி, கால்குலேட்டரில் கணக்கைப் போட்டுக்காட்டித் தமிழில் விளக்கினேன். அவர் இங்கே வருவதற்கு முன் ஊரில் கையில் வாங்கிய அனுமதிக் கடிதத்தைத் தமிழிலேயே கொடுத்திருப்பார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று இருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். நல்ல பிள்ளை. அப்புறம் ஒன்று கேட்டார்: வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக லெவி என்று முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டுகிறாரே, அது எங்கள் சம்பளத்திலிருந்தா? இல்லை தம்பி, அதை உங்களிடமிருந்து ஒரு காசு பிடிக்கக்கூடாது, அது முழுக்க முதலாளியின் செலவு என்றேன். அவர் தங்குவிடுதியில் பலர் அதைத் தங்கள் சம்பளத்திலிருந்து போவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

வரி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் என் அத்தை மகள் ஒரு நிறுவனத்தில் இதே வேலை பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் நாங்கள் இருவரும் கணக்கு பேசுவதைப் பார்த்து என் கணவர் எழுந்துபோய்விடுவார். அவள் மாதாமாதம் ஒவ்வொருவர் சம்பளத்திலும் வருமான வரியைப் பிடித்துக் கட்டுகிறாள், வருங்கால வைப்பு நிதிக்கு இரண்டு பக்கமும் 12 விழுக்காடு. இங்கே வரியை நாங்கள் பிடிப்பதில்லை என்று சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. இங்கே முதலாளி செய்யவேண்டியது, முந்தைய வருடம் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மார்ச் 1-க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவிப்பது. ஐஆர்8ஏ படிவம் என்பார்கள். 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அதை மின்னிலக்க முறையில் நேரடியாக அனுப்பியே ஆகவேண்டும். அப்புறம் ஏப்ரல் 18-க்குள் அவரவர் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வரி விதிக்கத்தக்க வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000-க்கு 3.5. ஆக 40,000 வெள்ளிக்கு 550 வெள்ளி வரி. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ மூலம் 12 மாதத் தவணையாக, வட்டியில்லாமல் கட்டலாம். மாதாமாதம் பிடிக்காததால் பில் வரும்போது புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் போன வருடம் சேர்ந்த பெண்ணிடம் முதல் நாளே சொன்னேன், சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து ஒதுக்கி வை என்று.

இதில் மனசுக்குக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டவர் வேலையை விட்டுப் போகும்போது, போவதற்கு ஒரு மாதம் முன்பே ஐஆர்21 படிவம் அனுப்பி, அவருக்குச் சேரவேண்டிய பணத்தையெல்லாம் நிறுத்திவைக்க வேண்டும். வரித் தீர்வு வரும்வரை, அல்லது படிவம் போய்ச் சேர்ந்து 30 நாள் ஆகும்வரை, எது முந்தியோ அதுவரை. எங்கள் மேற்பார்வையாளர் 2024 கடைசியில் ஜோகூருக்கே திரும்பிப் போக முடிவு செய்தார். பத்து வருடம் உழைத்தவரின் கடைசி மாதச் சம்பளத்தை நான் நிறுத்திவைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. என்னை நம்பவில்லையா என்று கேட்டார். சட்டத்தைக் காட்டி, தேதியைச் சொல்லி, தினமும் ஒருமுறை நிலவரம் பார்த்துச் சொன்னேன். மூன்றாவது வாரம் தீர்வு வந்தது, அன்று பிற்பகலே பணம் போனது. இப்போது வெளிநாட்டவர் யார் சேர்ந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளில் கேட்பதற்கும் முதல் நாளில் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம்.

போன தீபாவளிக்கு முன்னால் அம்மா வீட்டைச் சுத்தம் செய்யப் போனேன். அலமாரி மேலே ஒரு மைலோ டின். உள்ளே அப்பாவின் பழைய சம்பள உறைகளும் மசேநி அறிக்கைகளும். அப்பா லாரி ஓட்டுநராக இருந்தவர், இறந்து 11 வருடம் ஆகிறது. 1985-இல் அவருக்குச் சம்பளம் 720 வெள்ளி. அவர் பங்கு 180, முதலாளி பங்கு 180. 25-உம் 25-உம், மொத்தம் பாதிச் சம்பளம், அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1986-இல் அவர் பங்கு அதே 180, முதலாளி பங்கு மட்டும் 72.

அம்மா அந்தத் தாளைப் பார்த்ததும் சொன்னார்: "இதுக்குத்தான் உங்கப்பா அந்த வேலையை விட்டாரு. முதலாளி தன் பங்கை எடுத்துக்கிட்டான்னு."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. 1985-இல் பொருளாதாரம் சரிந்ததால் 1986 ஏப்ரலில் முதலாளிகளின் பங்கை அரசாங்கம் 25-லிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. நாடு முழுவதும் எல்லாருக்கும் அதேதான். அப்பாவின் முதலாளி சட்டப்படிதான் கட்டியிருந்தார். ஆனால் 108 வெள்ளி எங்கே போனது என்று அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. அப்பாவும் போய்க் கேட்கிற ஆள் இல்லை. 1987-இல் வேலையை விட்டார், சாகும்வரை அந்த மனிதரைத் திருடன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் மெதுவாக விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஆளு எடுக்கலையா?" என்றார். இல்லைம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம் அந்த மனுசன்" என்றார். அந்த உறைகளை என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது மாதம் 28-ஆம் தேதி சம்பளக் கணக்கைத் தொடங்கி, 30-க்குள் பணம் போய்விடும். சட்டப்படி சம்பளத்துக்கு மாதம் முடிந்து 7 நாளும், ஓவர்டைமுக்கு 14 நாளும் இருக்கிறது, ஆனால் முடிந்தவரை ஒன்றாகவே அனுப்புகிறேன். ஏதாவது ஒரு எண் போன மாதத்திலிருந்து மாறியிருந்தால் சீட்டின் பின்பக்கம் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். தமிழ்த் தம்பிகளுக்குத் தமிழில். பங்களாதேஷ் தம்பிகளுக்கு அவர்களில் மூத்தவர் ஒருவர் வங்காளத்தில் எழுதிக் கொடுக்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்று பின்னாலிருந்து குரல். புதுக்கோட்டைத் தம்பி, கூட இன்னொருவர். வேறு ஒரு நிறுவனத்தில் குழாய் வேலை பார்க்கிறவராம். தம்பி அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி என்னிடம் நீட்டினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததால் மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி, ஓவர்டைம் 50 மணி நேரம், 360 வெள்ளி 50 காசு.

கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டேன். 12,000 வகுத்தல் 2,288, ஒன்றரை மடங்கு, 50 மணி நேரம். 393 வெள்ளி சொச்சம். இதுவும் 26-ஆல் வகுத்ததுதான். சீட்டின் பின்னால் கணக்கை முழுதாக எழுதினேன். முதலில் உங்கள் அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்றேன். சரிசெய்யவில்லை என்றால் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் முத்தரப்பு அமைப்பான டாடெமிடம் போகலாம், பழைய சீட்டுகளில் ஒன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த 44 என்னக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.